மெட்ராய்ட் ட்ரெட்: ஒரு சர்வேயர் விளையாடிய கதை

மெட்ராய்ட் ட்ரெட் கேமில் கட்டாரிஸ் என்ற பகுதியில், எம்மி என்ற அந்தப் பச்சை எந்திரம் என்னை முதல் தடவை பிடித்தபோது இரவு மணி பத்தே முக்கால். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, மஞ்சளாயிருச்சு, மஞ்சளாயிருச்சு" என்று அவள் சொல்லி முடிக்கும் முன்னே வெளிச்சம் சிவப்பாகி, அந்தப் பகுதியின் கதவுகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. தாழ்வான ஓர் இடைவெளி தெரிந்தது. அதற்குள் சறுக்கி அந்தப் பக்கம் போய்விட்டால் அவ்வளவு பெரிய எந்திரம் பின்னால் வர முடியாது என்று நினைத்தேன். அது உடம்பை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு அதே இடைவெளி வழியாக வந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மெட்ராய்ட் ட்ரெட் வந்தது 2021 அக்டோபர் 8-ல், நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு. இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாகக் கடை விரித்ததில்லை என்பதால் என் ஸ்விட்ச் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் வாங்கி வந்தது. அதோடு வந்த கார்ட்ரிட்ஜுகளில் இதுவும் ஒன்று. ஆறேழு மாதம் பிரிக்காமலே வைத்திருந்தேன். பக்கவாட்டில் நகரும் ஓடித் தாவும் கேம்தானே, சின்ன வயதில் விளையாடாததா என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு தப்பு. போன நான்கு வருடத்தில் இவ்வளவு ஈடுபாட்டோடு நான் எதையும் விளையாடியதில்லை. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விமர்சனமே அங்கிருந்துதான் வருகிறது. நான் நில அளவை செய்கிறவன். பகலெல்லாம் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை முக்காலியில் ஏற்றி, ப்ரிசம் பிடிக்கிற பையனை வரப்பு வரப்பாக அனுப்பி, வயலின் மூலைகளைக் குறிக்கிற வேலை. கையில் எப்போதும் எஃப்எம்பி, அதாவது புல அளவைப் புத்தகத்தின் நகல் இருக்கும். பழைய அளவும் இன்றைய நிலமும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் பொழுது போகும். அதனால் எந்த கேமிலும் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். மெட்ராய்டில் வரைபடம்தான் கேமே.

இந்தத் தொடர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. முதல் மெட்ராய்ட் ஜப்பானில் 1986-ல் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்தில் வந்தது. கவசம் போட்ட வீரர் ஒருவர் அன்னிய கிரகத்தின் அடியில் தனியாக இறங்குவார். சீக்கிரம் முடித்தால் கடைசியில் கவசம் கழன்று, உள்ளே இருப்பது சாமஸ் அரான் என்ற பெண் என்று தெரியும். பிறகு 1991-ல் கேம்பாயில் இரண்டாவது, 1994-ல் சூப்பர் மெட்ராய்ட், 2002-ல் ஃப்யூஷன். பக்கவாட்டுக் கதை வரிசை அதோடு நின்றுவிட்டது. ட்ரெட் என்ற பெயரில் ஐந்தாவதைச் செய்ய, இந்தத் தொடரை நடத்திவந்த யோஷியோ சகமோட்டோ நிண்டெண்டோ டிஎஸ் காலத்திலேயே முயன்று பார்த்தார். அவர் மனத்தில் இருந்த துரத்தலை அந்தக் கருவியில் கொண்டுவர முடியாமல் கைவிட்டார்கள். 2007-ல் வந்த மெட்ராய்ட் ப்ரைம் 3-க்குள் ட்ரெட் என்ற திட்டத்தைப் பற்றி ஒரு வரி ஒளிந்திருந்தது. ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காகப் பேசினார்கள். கடைசியில் 2017-ல் இரண்டாவது கேமை 3டிஎஸ்ஸுக்கு மறுபடி செய்துகொடுத்த ஸ்பெயின் நிறுவனமான மெர்க்குரிஸ்டீமோடு சேர்ந்து இதை முடித்தார்கள். ஃப்யூஷனுக்கும் இதற்கும் இடையே 19 வருடம்.

கதைக்கு இவ்வளவு போதும்: இசட்டிஆர் என்ற கிரகத்துக்கு அனுப்பிய ஏழு ஆய்வு எந்திரங்களிடமிருந்து தகவல் நின்றுபோகிறது. சாமஸ் தேடிப் போகிறாள். போனதும் அடிவாங்கி, சக்திகளை எல்லாம் இழந்து, கிரகத்தின் ஆழத்தில் கண்விழிக்கிறாள். அங்கிருந்து மேலே ஏறி வர வேண்டும். வழக்கமாக இந்தத் தொடரில் கீழே இறங்கிக்கொண்டே போவோம். இதில் தலைகீழ்.

எம்மிகள்தான் அந்த ஏழு எந்திரங்கள். அவை கிரகம் முழுக்கத் திரிவதில்லை. அவற்றுக்கென்று எல்லை வகுத்த பகுதிகள் உண்டு. கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் நிறம் செத்துப்போய் எல்லாம் சாம்பலாகிவிடும், எங்கோ ஒரு கீச்சுச் சத்தம் கேட்கும். நம்முடைய சத்தத்தைக் கேட்டால் எம்மியின் வெளிச்சம் மஞ்சளாகும், தேட ஆரம்பிக்கும். கண்ணில் பட்டால் சிவப்பாகித் துரத்தும். பிடித்தால் தப்பிக்க இரண்டே இரண்டு கணங்கள், ஒவ்வொன்றும் கண் சிமிட்டும் நேரம். சரியாக அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினால் அதை உதறிவிட்டு ஓடலாம். தவறினால் உடனே சாவு. எவ்வளவு உயிர்ச் சக்தி சேர்த்து வைத்திருந்தாலும் பயனில்லை.

கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆனால் செத்தால் அந்தப் பகுதியின் வாசலிலேயே உயிரோடு நிற்போம். பத்து நிமிட உழைப்பு எதுவும் வீணாகாது. அதனால் கோபம் வராமல், மறுபடி உள்ளே போக மட்டுமே தோன்றும். ஐந்தாறு தடவை செத்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பகுதியின் மேடை, ஏணி, சறுக்கும் பொந்து எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தன. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சுற்றிய புலத்தைக்கூட நான் அவ்வளவு தெளிவாக நினைவில் வைத்திருந்ததில்லை. பயந்துகொண்டே ஓடிய பாதை மறப்பதில்லை. வரைபடத்தை நம் தலைக்குள் பதியவைக்க அந்தப் பயத்தையே இவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மறைவு அங்கி என்று ஒரு சக்தி தருவார்கள். போட்டால் எம்மியின் கண்ணுக்குத் தெரியமாட்டோம். அதற்குரிய எரிசக்தி தீர்ந்ததும் அங்கி நம் உயிரைத் தின்ன ஆரம்பிக்கும். ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன், எம்மி என் முகத்துக்கு நேராக வந்து நின்று பார்க்கிறது, மேலே எண்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. மகள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். எம்மி திரும்பிப் போனதும் இருவரும் ஒன்றாக மூச்சு விட்டோம். அந்த அரை நிமிடத்துக்காகவே இந்த கேமை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

சரி, வரைபடத்துக்கு வருகிறேன்.

நிலத்தில் எல்லைக் கல் காணாமல் போவது எங்களுக்குத் தினசரிச் சங்கதி. உழுதிருப்பார்கள், மண்ணுக்குள் புதைந்திருக்கும், வேண்டாதவர் யாராவது பிடுங்கியிருப்பார். அப்போது கிடைக்கிற மற்ற கற்களிலிருந்து எஃப்எம்பியில் உள்ள அளவைப் போட்டு, காணாமல் போன கல் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி, அங்கே கடப்பாரையால் குத்திப் பார்ப்போம். 'டங்' என்று கல் பேசும்போது கிடைக்கிற சந்தோஷத்தை இந்தத் தொழில் செய்தவர்களுக்குத்தான் விளங்கவைக்க முடியும். ட்ரெட்டில் அதே சந்தோஷம் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு வெற்றிடம் தெரிந்தால், போய் அந்தச் சுவரைச் சுட்டுப் பார்ப்பேன். பாதித் தடவைக்கு மேல் சுவர் உடைந்து, உள்ளே கூடுதல் ஏவுகணை தரும் தொட்டி ஒன்று காத்திருக்கும்.

அந்த வரைபடம் எவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எந்தக் கதவு எந்த ஆயுதத்துக்குத் திறக்கும், எந்தக் கட்டி எதற்கு உடையும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அது குறியாகப் பதிந்துவிடும். ஒரு குறியைத் தேர்ந்தெடுத்தால் அதே வகையில் உள்ள மற்ற எல்லாக் குறிகளும் மின்னிக் காட்டும். புதிதாக ஒரு சக்தி கிடைத்ததும் நான் முதலில் செய்வது இதுதான். முன்பு திறக்க முடியாமல் விட்டுவந்த கதவுகள் எங்கெங்கே என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஏதோ ஒரு பகுதியில் இன்னும் எடுக்காத பொருள் ஒளிந்திருந்தால் அந்த இடம் மங்கலாக மினுங்கும். நாமே அடையாளக் குச்சி நட்டுவைக்கவும் இடம் உண்டு. எங்கள் அலுவலக மென்பொருளில் இவ்வளவு வசதி இருந்தால் எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும்.

இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. இரண்டாம் தடவை விளையாடியபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. நான் எங்கும் வழிதவறவில்லை. எல்லாம் நானாகக் கண்டுபிடித்ததாக முதல் தடவை நெஞ்சை நிமிர்த்தியிருந்தேன். உண்மையில் ஒவ்வொரு முறையும் ஒரு சக்தி கையில் கிடைத்ததும், நான் வந்த வழி மெல்ல அடைபட்டிருக்கிறது. குதித்து இறங்கிய மேடை திரும்ப ஏற முடியாத உயரத்தில் இருக்கும். கட்டாரிஸில் எரிமலைக் குழம்பின் சூட்டை வேறு குழாய்க்குத் திருப்பியதும் ஒரு கதவு திறக்கும், இன்னொன்று மூடும். மிச்சம் இருக்கிற ஒரே திசையில், புதிதாகக் கிடைத்த சக்தியைக் கொண்டே தாண்ட முடிகிற தடை ஒன்று நிற்கும். அம்புக்குறி இல்லை, 'இங்கே போ' என்ற வாசகம் இல்லை. தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற மாதிரி ஓடியிருக்கிறேன். இப்படி ஒரு நிலத்தை வடிவமைக்க எத்தனை தடவை அழித்து வரைந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இதே விஷயத்தில்தான் என் பெரிய மனக்குறையும். ட்ரெட்டை முடித்துவிட்டு நிண்டெண்டோவின் ஆன்லைன் சேவையில் சூப்பர் மெட்ராய்டை விளையாடினேன். அதில் உண்மையாகவே தொலைந்துபோனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கே போவதென்று தெரியாமல் அலைந்தேன். அந்தத் தனிமையும் குழப்பமும் ட்ரெட்டில் இல்லை. வாய்க்கால் கொஞ்சம் ஆழமாக வெட்டப்பட்டுவிட்டது. மெனக்கெட்டால் சக்திகள் கிடைக்கிற வரிசையை உடைக்கலாம் என்பது உண்மை. கொக்கி வீசும் கிராப்பிள் பீமையும், உருண்டையாகச் சுருண்டு போடும் குண்டையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு க்ரெய்டிடம் போனால், அந்த மலை போன்ற பிராணியின் வயிற்றுக்குள்ளேயே பாய்ந்து சட்டென்று முடிக்க ஒரு ரகசிய வழி வைத்திருக்கிறார்கள். அதற்கென்று தனிக் காட்சியே உண்டு. இப்படிப்பட்ட இடங்கள் அருமையானவை. ஆனால் முதல் தடவை விளையாடுகிறவர் கண்ணில் இவை படாது.

க்ரெய்டைச் சொன்னதால் சாமஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம் முழுவதும் அவள் ஒரே ஒரு இடத்தில்தான் பேசுகிறாள், அதுவும் சோஸோ என்ற அன்னிய இனத்தின் மொழியில். ஆனால் அவள் யாரென்று உடம்பே சொல்லிவிடும். க்ரெய்ட் கழுத்தில் விலங்கோடு எழுந்து நின்று கர்ஜிக்கும். அவள் அசையாமல் நின்று, பீரங்கியை மெதுவாக உயர்த்திச் சக்தியேற்றுவாள். முன்பே சண்டை போட்டுத் தெரிந்த எதிரி என்பது அந்த நிதானத்தில் தெரியும். பழைய கேம் எதையும் தொடாத என் மகளுக்கே அது புரிந்தது. "இவங்களுக்கு அத ஏற்கெனவே தெரியும்ல?" என்று கேட்டாள்.

கையில் பிடித்த உணர்வு அற்புதம். ஓடிக்கொண்டே சறுக்கலாம், சறுக்கிக்கொண்டே சுடலாம், எதிரி பாயும் கணத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் தெரியும், அப்போது கையை ஓங்கித் தட்டிவிடலாம். நொடிக்கு 60 பிரேம் என்பதால் பொத்தானுக்கும் திரைக்கும் நடுவே இடைவெளியே தெரியாது. போகப்போகப் பொத்தான்கள் அதிகமாகிவிடுகின்றன என்பது மட்டும் உண்மை. குறிபார்க்க ஒன்று, ஏவுகணைக்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று, வேக ஓட்டத்துக்கு இடது குச்சியை அழுத்த வேண்டும். ஸ்விட்சோடு வரும் சின்ன ஜாய்கானில் நீண்ட நேரம் விளையாடியதில் எனக்கு இடது கட்டைவிரல் வலித்தது. பெரிய கன்ட்ரோலர் இருந்தால் அதிலேயே விளையாடுங்கள்.

ஷைன்ஸ்பார்க் என்ற வித்தையில் கட்டிய புதிர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வேகமெடுத்து ஓடி, அந்த வேகத்தைச் சேமித்து, சில விநாடிக்குள் சரியான இடத்திலிருந்து ராக்கெட் மாதிரிப் பாய வேண்டும். ஒரே ஒரு ஏவுகணைத் தொட்டிக்காக ஒரு மணி நேரம் செலவழித்திருக்கிறேன். அதை எடுத்த இரவில் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பெரிய எதிரிகள் எல்லாரும் நேர்மையானவர்கள். கடைசியில் வரும் ரேவன் பீக்கிடம் நான்கு இரவுகள் தோற்றேன். முதல் இரவில் பத்து விநாடி தாங்கவில்லை. அவன் உடம்பு பொன்னிறமாக ஜொலிக்கும்போது எவ்வளவு சுட்டாலும் உறைக்காது, அப்போது அடியைத் தட்டிவிடக் காத்திருக்க வேண்டும் என்பதே எனக்கு இரண்டாம் இரவில்தான் புரிந்தது. நான்காம் இரவில் அவனுடைய ஒவ்வொரு அசைவுக்கும் என் விரல் தானாகப் பதில் சொன்னது. அதிர்ஷ்டத்தால் ஜெயித்தேன் என்று எந்த இடத்திலும் தோன்றவில்லை.

இசை சுமார். சூப்பர் மெட்ராய்டின் மெட்டுகள் விளையாடி முடித்து வாரங்கள் ஆகியும் வாயில் வருகின்றன. ட்ரெட்டில் எம்மியின் கீச்சொலியைத் தவிர வேறு எதுவும் மனத்தில் தங்கவில்லை. எம்மி பகுதிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருப்பதும் நான்காவது ஐந்தாவது வரும்போது சலிக்கிறது. புரேனியா பகுதியின் நீருக்கடியும் கவோரன் பகுதியின் செடிகொடிகளும் அவ்வளவு அழகாக இருக்க, எம்மி வீட்டை மட்டும் ஏன் ஒரே அச்சில் வார்த்தார்கள் என்று வருத்தமாக இருந்தது. தகவல் நிலையங்களில் கணினி ஆடம் பேசுகிற நீண்ட பேச்சும் ஓட்டத்தை நிறுத்துகிறது. எல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் மகளுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த கேம் வெளிவந்த மாதமே, இதில் வேலை செய்த சிலரின் பெயர்கள் கடைசிப் பட்டியலில் இல்லை என்ற செய்தி வந்தது. மொத்தத் தயாரிப்புக் காலத்தில் கால்வாசியாவது வேலை செய்திருந்தால்தான் பெயர் வரும் என்பது மெர்க்குரிஸ்டீமின் விதி. அது தவறான விதி என்றே நினைக்கிறேன். வெயிலில் நாள் முழுக்க அளவைச் சங்கிலி பிடித்து ஓடியவர்களின் பெயர் எந்தப் புலப்படத்திலும் இருக்காது. ஒரு நாள் பிடித்தாலும் அந்தக் கோட்டில் அவர்கள் கை இருக்கிறது. எம்மி தலையைச் சாய்த்துப் பார்க்கிற அந்த ஒரு அசைவைச் செய்தவருடைய பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

யாருக்கு வாங்கலாம்? முதல் தடவை முடித்தபோது கேமின் கடிகாரம் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் காட்டியது; செத்துச் செத்து எழுந்ததை எல்லாம் சேர்த்து ஸ்விட்ச் வைத்திருந்த கணக்கு 19 மணி நேரம். வெளியீட்டு விலை 60 டாலர், நம் ஊருக்கு வந்து சேரும்போது இன்னும் கூடும். மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்களுக்குக் குறைவாகத் தெரியலாம். ஆனால் நான் மூன்று தடவை முடித்துவிட்டேன். நான்கு மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு படம், எட்டு மணி நேரத்துக்குள் முடித்தால் வேறு படம் என்று பரிசு வைத்திருக்கிறார்கள், நான் இன்னும் நான்குக்குள் வரவில்லை. பழைய கேம்கள் எதையும் விளையாடியிருக்கத் தேவையில்லை. தொடக்கத்திலேயே முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

செத்துச் செத்து விளையாடுவது பிடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் இலவசமாக வந்த அப்டேட்டில் ரூக்கி என்ற எளிய முறை சேர்ந்தது. கூடவே ட்ரெட் என்று இன்னொன்று, அதில் ஒரு அடி பட்டாலே சாவு. அந்தப் பக்கமே நான் திரும்ப மாட்டேன். நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையில் இலவச டெமோவும் இருக்கிறது. முதல் எம்மியை அதிலேயே சந்தித்துவிடலாம். மகள் போன வாரம் ரூக்கியில் தனியாக ஆரம்பித்திருக்கிறாள். இப்போது முதல் பகுதியான அர்ட்டாரியாவில் இருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சளாகும்போது மட்டும் சொல்கிறேன்.